கடைசி ஒரு நிமிடம்: பொரிப்பதிலும் வறுப்பதிலும் உருவாகும் நச்சுகளைக் குறைக்கும் வழிகள்

அத்தியாயம் 6

இதுவரை பார்த்தவை எல்லாம் வெளியிலிருந்து உணவுக்குள் வருபவை: பூச்சிமருந்து, கலப்படம், பூஞ்சை நஞ்சு. இந்த அத்தியாயத்தில் வருபவற்றை யாரும் கலப்பதில்லை. நல்ல கிழங்கு, நல்ல எண்ணெய், சுத்தமான வாணலி எல்லாம் இருந்தும் அடுப்புச் சூட்டில் அவை தாமாகவே உண்டாகின்றன. கடையை மாற்றினாலும் தீராது, கழுவினாலும் போகாது. சமைக்கும் முறையைத்தான் திருத்த வேண்டும். வீட்டுக்குப் பலகாரம் செய்பவர்களுக்கும், வீட்டிலிருந்தே முறுக்கு, சிப்ஸ் போட்டு விற்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இங்கு வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும்

1997இல் தெற்கு ஸ்வீடனில் ஹாலன்ட்ஸோஸ் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். நீர்க்கசிவை அடைக்க உள்ளே செலுத்திய பூச்சுப்பொருளில் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் இருந்தது. அது ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் நிற்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் தேசிய உணவு நிர்வாகமும் 2002 ஏப்ரலில் அதை அறிவித்தன: மாவுச்சத்துள்ள உணவைப் பொரித்தாலும் சுட்டாலும் வறுத்தாலும் அக்ரிலமைடு உண்டாகிறது.

அது உண்டாக இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, கிழங்கிலும் தானியத்திலும் இயல்பாக உள்ள அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலம். மற்றது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரை. சூடு சுமார் 120 டிகிரியைத் தாண்டும்போது இவை இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடங்குகின்றன. பொன்னிறத்தையும் மணத்தையும் தருவது இதே வேதிவினைக் குடும்பம்தான். தண்ணீர் இருக்கும்வரை உணவின் சூடு 100 டிகிரிக்குமேல் அவ்வளவாக ஏறாது. அதனால்தான் இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டையில் இந்தக் கவலை இல்லை. சட்டியில் போட்ட பண்டத்தின் ஈரம் வற்றி மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பம். பொரிக்கும் நேரம் முழுவதிலும் கடைசி ஒரு நிமிடமே முக்கியம் என்று சொல்வது இதனால்தான். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பயத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே அக்ரிலமைடை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. விலங்குகளில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. உணவின் வழியாக மனிதர்களுக்கு எவ்வளவு தீங்கு என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தீபாவளிக்கு நாலு முறுக்கு தின்பவர் அஞ்ச வேண்டியதில்லை. தினமும் சிப்ஸ், ரஸ்க், பிஸ்கட் என்று பழகிய குழந்தை உள்ள வீடு கவனிக்க வேண்டும். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் சேர்கிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. எண்ணெய்க்குள் நுனியை விட்டு அளக்கும் சமையல் வெப்பமானி ஒன்று. 300 டிகிரி வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து அளக்கும் கருவி எண்ணெயின் மேற்பரப்பை மட்டுமே காட்டும். கண்கரண்டி, வடிதட்டு, சட்டியை முழுசாக மூடக்கூடிய உலோகத் தட்டு. அடுப்புக்கு மேல் வெள்ளை வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே பொன்னிறமாகத்தான் தெரியும்.

இன்னொன்று, காசில்லாதது: மாதிரித் துண்டு. சரியான நிறத்தில் எடுத்த ஒரு முறுக்கையோ சிப்ஸையோ வெள்ளைத் தட்டில் அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் பொரிப்பவரின் கண் மெல்ல மெல்லக் கருநிறத்துக்குப் பழகிவிடும். காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். ஆள் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு இது கட்டாயம்.

வெப்பமானி இல்லாமல் சூடு பார்ப்பது

மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி எண்ணெயில் போடுங்கள்.

1. அடியில் போய் அப்படியே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. இப்போது போட்டால் பண்டம் எண்ணெய் குடிக்கும்.
2. கீழே இறங்கி, சுற்றிலும் குமிழி விட்டு, நிதானமாக மேலே வந்தால் சரியான பதம்.
3. போட்டவுடன் துள்ளி மேலே வந்து சில நொடிகளில் சிவந்தால் சூடு அதிகம். தீயைக் குறைத்துக் காத்திருங்கள். அவசரத்துக்குப் பச்சை எண்ணெயை மேலே ஊற்றி ஆற வைக்க வேண்டாம்.
4. புகை எழுந்தால் எண்ணெய் சிதையத் தொடங்கிவிட்டது. தொண்டையைக் கமறவைக்கும் அந்தப் புகையில் அக்ரோலின் இருக்கிறது. அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறங்கள். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையையும் அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில்தான் சேர்த்திருக்கிறது. தின்பவரைவிட அடுப்பருகே நிற்பவருக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். புகைபோக்கி இல்லாத சமையலறையில் தினமும் வியாபாரத்துக்குப் பொரிக்கத் தொடங்காதீர்கள்.

உருளைக்கிழங்கு: அதிகக் கவனம் வேண்டிய பண்டம்

உருளைக்கிழங்கில் அஸ்பாரஜினும் உண்டு, சர்க்கரையும் உண்டு. அதனால் பொரித்த பண்டங்களில் முதலிடம் இதற்கே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சிப்ஸில் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், நீளவாக்கில் வெட்டிப் பொரிக்கும் வறுவலில் 500 மைக்ரோகிராம் என்பவை உற்பத்தியாளர்கள் தாண்டாமல் இருக்க வேண்டிய அளவுகோல்கள். வீட்டில் இதை அளக்க வழியில்லை. நிறத்தை வைத்துத்தான் கணிக்க முடியும்.

கிழங்கு வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். குளிர்பதனக் கிடங்கில் நெடுநாள் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். அதைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். தின்றால் லேசாக இனிக்கும். வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது என்று சொல்லிவந்த பிரிட்டன் உணவுத் தர முகமையே பின்னர், வீட்டில் அப்படி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தன் அறிவுரையைத் தளர்த்திவிட்டது. குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பொரிப்பதற்கென்று வாங்கியதை மட்டும் வெளியே, வெளிச்சம் படாமல், காற்றாட வைப்பதே என் பரிந்துரை. விற்பனைக்குச் செய்பவர்கள் குஃப்ரி சிப்சோனா வகையைக் கேட்டு வாங்கலாம். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸுக்காகவே உருவாக்கிய, சர்க்கரை குறைந்த ரகம் அது.

மூட்டையாக வாங்குமுன் ஒரு கிழங்கைச் சோதித்துவிடுங்கள். நடுவில் ஒரு வில்லை வெட்டிப் பொரித்துப் பாருங்கள். ஓரம் கறுத்தாலோ, நடுவில் பழுப்பு வளையம் விழுந்தாலோ அந்த மூட்டை சிப்ஸுக்கு உதவாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? குளிர்ந்த அறையிலிருந்து எடுத்து 15 முதல் 20 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு இறங்கும். நம் ஊர் வெயிலில் அந்தச் சூடு எளிதில் கிடைக்காது, முளைவிடத் தொடங்கும். வேகவைத்து மசால் தோசைக்குப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

செய்முறை வரிசை:

1. தோலைச் சீவி, பச்சை படிந்த இடத்தையும் முளைக்கண்ணையும் ஆழமாக எடுத்துவிடுங்கள். பச்சைப் பகுதியில் சொலனின் என்ற வேறொரு நஞ்சு இருக்கிறது. அது பொரித்தாலும் முழுசாகப் போகாது.
2. எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்கட்டும். மெல்லிய துண்டு கறுக்கும்வரை தடித்த துண்டு வேகாமல் கிடக்கும். கொஞ்சம் தடிமனாக வெட்டினால் மேற்பரப்பும் குறையும், அக்ரிலமைடும் குறையும்.
3. வெட்டியதும் தண்ணீரில் போட்டு 15 முதல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். இடையில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.
4. இன்னும் நன்றாக வேண்டுமென்றால் ஊறவைப்பதற்குப் பதிலாக 70 முதல் 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடலாம். புளிப்பு இந்த வினையை மட்டுப்படுத்தும். அளவு கூடினால் சிப்ஸ் புளிக்கும்.
5. வடித்துத் துணியில் பரப்பி ஈரத்தைத் துடைத்தெடுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.
6. எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. அதற்குமேல் வேண்டாம்.
7. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவையில் 100 கிராம் போதும். சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கும்; இறங்கியதே என்று தீயைக் கூட்டுவீர்கள்; ஈரம் வற்றியதும் சூடு எகிறிவிடும்.
8. சலசலப்பைக் கேளுங்கள். தண்ணீர் ஆவியாகும்வரை சத்தம் இருக்கும். அது அடங்கத் தொடங்கும்போது தீயைக் குறையுங்கள். நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர்: ‘இன்னும் மொறுமொறுப்பு வரலையே’ என்று அந்த நேரத்தில்தான் தீயைத் தூக்கிவிடுகிறார்கள்.
9. வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே அள்ளிவிடுங்கள். அள்ளிய பிறகும் உள்சூட்டில் நிறம் ஒரு படி ஏறும்.
10. உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் எண்ணெய் வடிந்த பிறகு, சட்டிக்கு வெளியே.

கறுத்துப்போன துண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். ஒரு தட்டிலுள்ள அக்ரிலமைடில் பெரும்பங்கு அந்தச் சில துண்டுகளில்தான் இருக்கும். நொறுங்கினது, தீய்ந்தது எல்லாவற்றையும் தூளாக்கி மிக்சரில் கலப்பது தொழிலில் சிலரிடம் உள்ள பழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

*கவனம்:* ஏர்ஃபிரையர் வாங்கியதால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். அது மிச்ச எண்ணெய்ப் பிரச்சினையைத் தீர்க்கும். 200 டிகிரியில் வைத்துக் கிழங்கைச் சிவக்கவிட்டால் அக்ரிலமைடு அங்கேயும் உண்டாகும். ஊறவைப்பதும் நிறம் பார்ப்பதும் அங்கேயும் வேண்டும்.

வாழைக்காய் சிப்ஸுக்கும் இதே வரிசைதான். முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காயாகப் பாருங்கள். பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், ஓரம் கருகும். மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் தெளிக்கும் நாகர்கோவில் பாணி அழகானதுதான். ஆனால் அது பழகிய கைக்கு மட்டும். புதிதாகச் செய்பவர் வெட்டிய துண்டுகளை மஞ்சள் உப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டுப் பொரிக்கலாம்.

மாவுப் பலகாரங்களில் நடக்கும் தவறுகள்

அரிசியில் அஸ்பாரஜின் கோதுமையைவிடக் குறைவு. அந்த வகையில் நம் முறுக்கும் தேன்குழலும் மைதா பிஸ்கட்டைவிட நல்ல நிலையில் தொடங்குகின்றன. அதைக் கெடுப்பது சில பழக்கங்கள்.

பூரி மாவில் நிறத்துக்காக ஒரு சிட்டிகைச் சர்க்கரை போடுவார்கள். பூரி சில நொடிகளில் வெளியே வந்துவிடுவதால் பெரிய தீங்கில்லை. அதே சர்க்கரையை நீண்ட நேரம் பொரியும் பண்டத்தில் போட்டால் கதை வேறு. அதிரசம் இதற்குச் சரியான உதாரணம். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இயல்பாகவே உண்டு. மற்ற பலகாரத்துக்கு வைக்கும் சூட்டில் அதிரசத்தைப் போட்டால் மேலே கறுத்து உள்ளே மாவாக இருக்கும். குறைந்த தீ, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு, செம்பழுப்பு வந்ததும் எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்துவது என்ற பழைய முறையே இந்தக் கோணத்திலும் சரியானது.

பஜ்ஜி மாவில் மிளகாய்த்தூளும் கேசரிப் பவுடரும் சேர்ந்துவிட்டால் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. போடும்போதே சிவப்பாக இருப்பது எப்போது கருகியது என்று எப்படித் தெரியும்? கேசரிப் பவுடரைத் தவிருங்கள். மசாலா முறுக்கு, காராசேவு போன்றவற்றுக்கு ஒலியையும் குமிழியையும் நம்புங்கள்: பெரிய குமிழி சிறுத்து, சத்தம் தணிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சோடா உப்பு கூடினால் சீக்கிரம் சிவக்கும்; எண்ணெயும் சீக்கிரம் கெடும். பேக்கரி வேலை செய்பவர்கள் ‘அமோனியா’ என்று சொல்லிப் பிஸ்கட்டில் போடும் அமோனியம் பைகார்பனேட் இன்னும் மோசம். அக்ரிலமைடு உருவாவதைத் தூண்டிவிடும். அதற்குப் பதில் சோடா உப்பும் புளிப்புப் பொருளும் சேர்த்துச் செய்யலாம். பிரெட் செய்பவர்கள் ஈஸ்ட் மாவை நன்றாகப் புளிக்கவிடுங்கள். ஈஸ்ட் அஸ்பாரஜினைத் தின்றுவிடும் என்பதால் அவசரமாகப் பொங்கவைத்த ரொட்டியைவிட அது மேல். வீட்டில் டோஸ்ட் போடும்போது இளம் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். கருகினால் கத்தியால் சுரண்டித் தின்பதைவிட இன்னொரு துண்டு போடுவது நல்லது.

மிச்ச எண்ணெய்

அக்ரிலமைடைப் பற்றிப் பேசுபவர்கள்கூடக் கோட்டைவிடுவது இங்கேதான். என்னைக் கேட்டால் நம் சமையலறையில் முதலில் திருத்த வேண்டியது இதுதான்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சூடு, காற்று, பண்டத்திலிருந்து வரும் தண்ணீர் மூன்றும் சேர்ந்து அதை உடைக்கின்றன. ஆல்டிஹைடுகள் முதல் பிசின் போன்ற பெரிய மூலக்கூறுகள் வரை பலவும் சேர்கின்றன. இவற்றைக் கூட்டாக அளக்கும் அளவைத்தான் மொத்த துருவச் சேர்மங்கள் என்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிப்படி 2018 ஜூலை 1 முதல், இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. விற்பனைக்குச் செய்பவர்கள் இதை அளக்கும் கைக்கருவி வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. சூடான எண்ணெயில் நுனியை அமிழ்த்தினால் சதவீதத்தைக் காட்டிவிடும்.

வீட்டுக்குச் சட்டி சிறியதாக இருக்கட்டும். பெரிய வாணலியில் ஒரு லிட்டர் ஊற்றிப் பத்து அப்பளம் பொரிப்பதால்தான் மிச்சமே வருகிறது. குழிவான சின்ன இருப்புச்சட்டியில் கால் லிட்டர் ஊற்றி இரண்டிரண்டாகப் பொரித்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு நாள் தாளிப்புக்குச் சரியாகிவிடும்.

மிஞ்சியதை என்ன செய்வது:

1. அடுப்பை அணைத்து, சட்டியை நகர்த்தாமல் ஆறவிடுங்கள்.
2. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் கருகல் துகள்கள்தான் அடுத்த தடவை எண்ணெயைக் கெடுப்பவை.
3. இரும்புச் சட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள். பித்தளை, செம்புப் பாத்திரமும் கூடாது. இரும்பும் செம்பும் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில், மூடி போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.
4. சில நாட்களுக்குள் தாளிக்கவோ, தோசைக்கல்லில் தடவவோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மீண்டும் பொரிக்க எடுக்க வேண்டாம்.
5. புது எண்ணெயோடு கலக்காதீர்கள். கெட்ட எண்ணெய் புதியதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த எண்ணெயை ஒதுக்கிவிடுங்கள்: தேன் போல் தடித்து ஒழுகுவது, பண்டத்தை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நிற்பது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவது, பெயிண்ட் அல்லது மீன் வாடை, விரலில் பிசுபிசுப்பு. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மசாலா பொரித்த நல்ல எண்ணெயும் கறுக்கும். வெறும் அப்பளம் பொரித்த கெட்ட எண்ணெய் தெளிவாகவே இருக்கும்.

ஒதுக்கியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். வீட்டு அளவென்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடலாம். தொழில் செய்பவர்களுக்கு வேறு வழி உண்டு. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் ‘ரூகோ’ என்ற பெயரில் தொடங்கியது. பதிவுபெற்ற சேகரிப்பாளர்கள் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வார்கள். பொரிப்பதற்கு நாளுக்கு 50 லிட்டருக்குமேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள் அதற்கான பதிவேடும் வைத்திருக்க வேண்டும். பெரிய கடைகளில் ‘ஒரே தடவை பயன்படுத்திய எண்ணெய்’ என்று மலிவாக விற்க வருபவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அது எத்தனை முறை கொதித்தது என்பது அவருக்கே தெரியாது.

*எண்ணெய் தீப்பிடித்தால்:* கேஸை அணையுங்கள். உலோகத் தட்டால் சட்டியை மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றினால் நெருப்பு கூரைவரை எழும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது.

ரீஃபைண்டா, செக்கா?

எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையில் வாடை நீக்குவதற்காக 200 டிகிரிக்குமேல் சூடேற்றுவார்கள். அப்போது கிளிசிடில் எஸ்டர், மூன்று எம்சிபிடி எஸ்டர் என்று இரண்டு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. பாமாயிலில் இவை அதிகம். ஐரோப்பாவில் கிளிசிடில் எஸ்டருக்கு 2018 முதல் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மரச்செக்கு எண்ணெய் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை, ஆகவே இந்த இரண்டும் அதில் உருவாக வழியில்லை.

ஆனால் செக்குக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட முடியாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்லடாக்சின் எண்ணெயோடு வரும். சுத்திகரிப்பில் நீங்குவது செக்கில் நீங்காது. கொப்பரையைப் புகையில் காயவைத்திருந்தால் பல்வளைய ஹைட்ரோகார்பன் எனப்படும் கரிநஞ்சுகள் தேங்காய் எண்ணெயில் ஏறும். செக்குக்காரரிடம் கடலையைக் கண்ணால் பாருங்கள். கொப்பரை வெயிலில் காய்ந்ததா, புகையில் காய்ந்ததா என்று கேளுங்கள். காங்கேயம் பக்கத்துக் களங்களில் காய்வது போல வெயிலில் காய்ந்த கொப்பரை வெள்ளையாக இருக்கும். புகையில் காய்ந்தது பழுப்பாக, புகை வாடையோடு இருக்கும். செக்கெண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் தாளிப்புக்கும் குழம்புக்கும் வைத்துக்கொண்டு, நெடுநேரம் பொரிக்க ரீஃபைண்டு கடலை எண்ணெயை எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கரி அடுப்பு, தணல்

கரிநஞ்சுகளின் தலைவன் பென்சோபைரின். இதைப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றோடு வைத்திருக்கிறது. இறைச்சிக் கொழுப்பு தணலில் சொட்டி, புகையாக எழுந்து, திரும்ப இறைச்சியிலேயே படிகிறது. தணலில் நேராகக் கருகும் இறைச்சியில் வேறொரு கூட்டமும் உண்டாகிறது. ஜப்பானில் சுகிமுரா குழுவினர் 1970களில் கருகிய மீனிலும் இறைச்சியிலும் கண்டறிந்த ஹெட்டிரோசைக்ளிக் அமின்கள்.

குறைக்க:

1. கொழுப்பை வெட்டி எடுத்துவிடுங்கள். தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டு, மஞ்சள் கலந்து ஊறவையுங்கள். சுவைக்காகச் செய்வதே இங்கே பாதுகாப்பாகவும் ஆகிறது. சர்க்கரை, தேன் வேண்டாம்.
2. முக்கால் பதம் ஆவியில் வேகவைத்துவிட்டு, மணத்துக்காக மட்டும் தணலுக்குக் கொண்டுபோங்கள். வேகவைத்தவுடன் தணலுக்குப் போக வேண்டும். பாதி வெந்த கோழியை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் சுடலாம் என்றால் கிருமி பெருகும்.
3. சுவாலை அடங்கி, கரிமேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே கம்பியை வையுங்கள்.
4. தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, இறைச்சியை மறு பக்கம் வையுங்கள். கொழுப்பு நெருப்பில் சொட்டாது.
5. அடிக்கடி திருப்புங்கள். கருகிய ஓரத்தை வெட்டி எறியுங்கள்.
6. கோழி உள்ளே 75 டிகிரி வர வேண்டும். கருகலுக்குப் பயந்து வேகாத கோழியைத் தின்பது பெரிய ஆபத்து.

மீனை வாழையிலையில் கட்டிச் சுட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கருவாட்டைத் தணலில் போடாமல் தோசைக்கல்லில் வாட்டுங்கள். கத்தரிக்காய் சுடும்போது கருகிய தோலை முழுசாக உரித்துவிட்டால் போதும். மரச்சாமான் துண்டு, பெயிண்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் இவற்றை வைத்துத் தணல் மூட்டுவது எந்த நாளிலும் கூடாது.

காபி

இது மட்டும் விதிவிலக்கு. காபிக்கொட்டையை வறுக்கும்போது அக்ரிலமைடு தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய், மேலும் வறுக்க வறுக்கக் குறைகிறது. ஆகவே இளவறுப்பில்தான் அதிகம், கருவறுப்பில் குறைவு. நிறம் பார்த்து நிறுத்துங்கள் என்று இதுவரை சொன்னதைக் காபிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் பில்டர் காபியில் கவனிக்க வேண்டியது சிக்கரி. வறுத்த காபிக்கு ஐரோப்பாவின் அளவுகோல் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம்; சிக்கரிக்கு 4000. வேர் என்பதால் அது வறுபடும் விதமே வேறு. இந்தியாவில் கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும் என்பதே விதி, அதாவது மீதி 49 சதவீதம் வரை சிக்கரியாக இருக்கலாம். பொட்டலத்தில் இந்தக் கணக்கு அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். அரைத்துத் தரும் கடையில் ‘எண்பதுக்கு இருபது’ என்றோ, பியூர் என்றோ கேட்டு வாங்குங்கள். கசப்பும் கெட்டியும் குறைகிறதே என்றால் பீபெர்ரியைக் கொஞ்சம் கூடுதலாக வறுக்கச் சொல்லி, டிகாக்ஷனுக்குத் தூளை அரைக் கரண்டி ஏற்றிப் போடுங்கள்.